காசு கொடுக்காமல் பேக்லிங்க் சேர்ப்பது எப்படி? தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழில் ஒரு நல்ல கட்டுரை எழுதினால் அது குடும்பக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, குடியிருப்போர் சங்கக் குழு என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்துவிடும். கடைசியில் நமக்கே யாராவது ஃபார்வர்டு செய்வார்கள். கூகுளுக்கு இதில் எதுவும் தெரியாது. வாட்ஸ்அப் உரையாடலுக்குள் அதனால் நுழைய முடியாது. ஃபேஸ்புக்கில் பெரும்பகுதி, கணக்கு வைத்திருப்பவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். யூடியூப் வீடியோவின் கீழே விளக்கத்தில் போடும் லிங்க்கில், ‘இதைப் பரிந்துரையாக எண்ண வேண்டாம்’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ என்ற குறி ஒட்டியிருக்கும். தேடலில் மேலே வர உதவுவது, யாரோ ஒருவர் தன் இணையதளத்தில் எழுதும்போது உங்கள் பக்கத்தைச் சுட்டிக் கொடுக்கும் லிங்க். அதுதான் பேக்லிங்க். தமிழில் அரிதாகக் கிடைப்பதும் அதுதான்.

அரிது என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்சூரன்ஸ், கடன் போன்ற சொற்களுக்கு முதல் பக்கத்தில் இடம் பிடிக்கப் பெரிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டுகின்றன. தமிழில் பல தலைப்புகளில் முதல் பக்கத்தில் வருகிற கட்டுரைகளுக்கே வெளியிலிருந்து லிங்க் கிடையாது. அங்கே பொருத்தமான நான்கைந்து லிங்க் கிடைத்தாலே மாற்றம் தெரியும். அந்த நான்கைந்தைச் சம்பாதிப்பதற்கான வேலைதான் இங்கே விரிவாக வருகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம்: பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி எழுதுகிறது, கூடவே கொஞ்சம் அரிசியும் விற்கிறது.

கூகுள் லிங்க்கை ஏன் எண்ணுகிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் மாணவர்களாக இருந்தபோது உருவாக்கிய முறை பேஜ்ரேங்க். 1998-ல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்டுவதுபோல, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அதை ஒரு பரிந்துரையாக எண்ணலாம் என்பதே அடிப்படை. எல்லாப் பரிந்துரைக்கும் ஒரே எடை கிடையாது. பலர் லிங்க் கொடுத்த பக்கம் தரும் லிங்க்குக்கு மதிப்பு அதிகம். அந்த மதிப்பும் அந்தப் பக்கத்திலுள்ள எல்லா லிங்க்குக்கும் பங்காகப் பிரிந்து போகும். இருநூறு தளங்களை வரிசையாக அடுக்கிய பக்கத்தில் நம் பெயரும் இருப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இன்றைக்குக் கூகுள் பார்க்கும் விஷயங்கள் ஏராளம். லிங்க் ஒரு ‘முக்கியமான’ காரணி என்று தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுதியிருந்ததை 2024 மார்ச்சில் மாற்றி, ‘முக்கியமான’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதனால் லிங்க் செத்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள், அது மிகை. பக்கம் மோசமாக இருந்தால் லிங்க் காப்பாற்றாது என்பது உண்மை. ஒரே தரத்தில் இரண்டு பக்கம் இருந்தால் வெளியிலிருந்து லிங்க் பெற்றதற்கு இன்றும் சாதகம் உண்டு. புதுப் பக்கங்களைக் கூகுள் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் லிங்க் வழியாகத்தான்.

நோஃபாலோ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருத்துப் பெட்டிகளில் விளம்பர லிங்க் ஒட்டுபவர்களின் தொல்லையைக் குறைக்க, 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த குறி அது. 2019-ல் கூகுள் மேலும் இரண்டைச் சேர்த்தது: பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் லிங்க்குக்கு ‘ஸ்பான்சர்ட்’, வாசகர்கள் தாங்களே எழுதும் பகுதிக்கு ‘யூஜிசி’. நோஃபாலோ இப்போது கண்டிப்பான கட்டளை இல்லை, ஒரு குறிப்பு மட்டுமே. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளிலும் நோஃபாலோ உண்டு. தரவரிசைக்காக அங்கே போய் நம் லிங்க்கைத் திணிப்பது வீண்வேலை. அங்குள்ள பயனர்கள் நீக்கியும் விடுவார்கள்.

படி 1: நம் தளத்துக்குள் இருக்கும் ஓட்டைகள்

வெளியே யாரிடமும் கேட்பதற்கு முன், ஏற்கெனவே கிடைத்த லிங்க் வீணாகிறதா என்று பாருங்கள். நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைச் சேர்த்து உரிமையை உறுதிப்படுத்துங்கள், இலவசம். இடது பக்கப் பட்டியலில் ‘லிங்க்ஸ்’ பகுதிக்குப் போனால் எந்தெந்தத் தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன, நம்முடைய எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொற்களில் என்று தெரியும். அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தளத்தின் வடிவமைப்பை மாற்றியபோதோ, பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு வந்தபோதோ முகவரி மாறி, சில பக்கங்கள் 404 (பக்கம் இல்லை) என்று நிற்கும். அவற்றை 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் திருப்பிவிடுங்கள். வேர்ட்பிரஸில் இதற்கு இலவச பிளகின்கள் உண்டு. பிளாக்கரில் அமைப்புகள் பகுதியிலேயே வசதி இருக்கிறது. ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பாமல் லிங்க் திரும்பக் கிடைக்கும் வழி இது. பலர் இதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அடுத்தது தமிழ்த் தளங்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை: முகவரி. பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்து வைப்பதைக் கூகுள் ஏற்றுக்கொள்கிறது. பிரச்சினை அதை நகலெடுக்கும்போது வருகிறது. இணையத்தில் வழக்கமான யூனிகோடு வடிவத்தில் (யூடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஐந்தொன்பது நாற்பத்தைந்து. ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று மட்டும் வைத்தால்கூட நூற்றைம்பது எழுத்தைத் தாண்டும். இதை ஒருவர் மின்னஞ்சலில் ஒட்டும்போது பாதியில் வெட்டுப்படும், அல்லது வைரஸ் லிங்க்போல இருக்கிறதே என்று பயந்து ஒட்டாமலே விட்டுவிடுவார். வேர்ட்பிரஸ் இந்த விரிந்த வடிவத்தை 200 எழுத்தோடு வெட்டிவிடும். அதாவது இருபத்திரண்டு தமிழ்க் குறிகளுக்கு மேல் போகாது. நீளமான தலைப்பு நடுவிலேயே நின்றுவிடும். பிளாக்கரிலோ தமிழ்த் தலைப்பை விட்டுவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஓர் எண்ணோடு முகவரி போட்டுவிடும். ஆகவே புதுக் கட்டுரைகளுக்கு இரண்டு மூன்று சொல்லில், ஆங்கில எழுத்தில் சின்ன முகவரியை நீங்களே கொடுங்கள். பழையவற்றைக் கிளற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 301 போடாமல் மாற்றாதீர்கள்.

மூன்றாவது, உள் லிங்க்குகள். வெளியிலிருந்து லிங்க் வரும் பக்கத்திலிருந்து நீங்கள் மேலே கொண்டுவர விரும்பும் பக்கத்துக்கு ஒரு லிங்க் இருக்கட்டும். நம் எடுத்துக்காட்டுத் தளத்தில் நெல் ரகங்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் எல்லோரும் லிங்க் கொடுக்கிறார்கள், ஆனால் நமக்குக் கருப்புக் கவுனி அரிசி விற்கும் பக்கம் மேலே வர வேண்டும் என்றால், அட்டவணையில் கருப்புக் கவுனி என்ற பெயரே அந்தப் பக்கத்துக்கு லிங்க்காக இருக்க வேண்டும். ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்பதை லிங்க்காக வைத்தால் கூகுளுக்கு ஒன்றும் புரியாது.

படி 2: லிங்க் கொடுக்கத் தோன்றும் ஒரு பக்கம்

பொருள் விற்கும் பக்கத்துக்கு யாரும் சும்மா லிங்க் கொடுக்கமாட்டார்கள். ‘பாரம்பரிய அரிசியின் 10 நன்மைகள்’ என்ற கட்டுரைக்கும் கொடுக்கமாட்டார்கள்; அது ஏற்கெனவே எல்லாத் தளத்திலும் இருக்கிறது, வரிக்கு வரி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக. எழுதுகிற ஒருவர் வெளி லிங்க் கொடுப்பது எப்போது? தான் சொல்ல வந்ததற்கு ஆதாரம் வேண்டும்போது, தான் விளக்கப் பொறுமை இல்லாத ஒன்றை வேறு யாரோ விளக்கியிருக்கும்போது. அந்த இரண்டில் ஒன்றாக உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

நம் நெல் தளத்துக்கு நான் பரிந்துரைப்பது ஓர் அட்டவணை. ரகத்தின் பெயர், எத்தனை நாள் வயது, எந்தப் பட்டம் (விதைக்கும் பருவம்), மேட்டு நிலமா பள்ளமா, அரிசியின் நிறம், எதற்கு நன்றாக இருக்கும் (சோறு, இட்லி, கஞ்சி, அவல்), விதை எந்த மாவட்டத்தில் கிடைக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா என்றால் ஏறக்குறைய 160 நாள், சம்பா பட்டம், சிவப்பரிசி என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இந்த விவரங்கள் இல்லாமல் இல்லை. வேளாண்மைத் துறைக் கையேடு, பிடிஎஃப், விவசாய இதழ்கள், யூடியூப் பேட்டிகள் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு தகவலுக்கும் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி, இரண்டு விவசாயிகளிடம் சரிபார்த்துப் போட்டால், அடுத்து இதைப் பற்றி எழுதும் எவருக்கும் அந்தப் பக்கம் தேவைப்படும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களின் தகவலைப் பயன்படுத்தினால் அவர்களுக்கு நாமும் லிங்க் கொடுக்க வேண்டும். லிங்க் கொடுத்தால் நம் மதிப்பு வழிந்து ஓடிவிடும் என்று பூட்டிவைத்துக்கொள்வது பழைய மூடநம்பிக்கை.

படங்களும் நன்றாக வேலை செய்யும். கதிர், உமியோடு நெல், உமி நீக்கிய அரிசி, வெந்த சோறு என்று ஒரு ரகத்துக்கு நான்கு படம், வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு எடுத்துப் போடுங்கள். ‘எங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்துவிட்டு யாரும் பயன்படுத்தலாம்’ என்று கீழே எழுதுங்கள். தமிழ் இணையத்தில் சொந்தப் படம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் என்பதால் கண்டிப்பாக எடுத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் லிங்க் கொடுக்காமல் எடுப்பார்கள். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடினால் யார் யார் என்று தெரிந்துவிடும். சண்டை போடாதீர்கள், ‘படம் எங்களுடையது, பயன்படுத்தியதில் மகிழ்ச்சி, கீழே லிங்க் மட்டும் சேர்த்துவிடுங்கள்’ என்று எழுதினால் போதும்.

படி 3: யாரிடம் கேட்பது?

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்துகொள்ளுங்கள். தளம், குறிப்பிட்ட பக்கம், எழுதியவரின் பெயர், தொடர்புகொள்ளும் வழி, அவர் ஏன் நமக்கு லிங்க் கொடுக்க வேண்டும், எப்போது எழுதினோம், என்ன பதில். ‘ஏன் கொடுக்க வேண்டும்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

சுலபமானதிலிருந்து தொடங்குவோம். உங்கள் தளத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயரைச் சொல்லியிருப்பார்கள், லிங்க் இருக்காது. இவர்களில் பலர் கேட்டவுடன் சேர்த்துவிடுவார்கள். அப்புறம், தொழில்முறையில் ஏற்கெனவே தெரிந்தவர்கள்: நெல் வாங்கும் விவசாயக் குழு, உங்கள் அரிசியை வைத்து விற்கும் கடை, நீங்கள் ஸ்டால் போட்ட கண்காட்சி. அவர்களுடைய தளத்தில் ‘எங்கே கிடைக்கும்’, ‘பங்கேற்றவர்கள்’ என்று ஒரு பக்கம் இருந்தால் உங்கள் பெயர் அங்கே லிங்க்கோடு இருப்பது நியாயம்தான்.

இதற்கு அடுத்தது, இந்தத் துறையில் எழுதுபவர்கள். ‘நெல் ஜெயராமன்’ என்று தேடினாலே பலர் கிடைத்துவிடுவார்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திவந்த நெல் திருவிழாவைப் பற்றி எழுதாத விவசாய எழுத்தாளர்கள் குறைவு. முதல் பக்கத்தோடு நிற்காமல் நான்காம், ஐந்தாம் பக்கம் வரை போங்கள். சொந்த வலைப்பதிவு வைத்திருக்கும் ஆசிரியர், வேளாண் கல்லூரி மாணவர், சமையல் எழுதும் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி தரும் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியில், உங்கள் தளத்தோடு வேறு தளங்களையும் சேர்த்து அவர்களுக்கு யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கும் காசு இல்லை.

உடைந்த லிங்க் தேடும் முறை தமிழில் நன்றாகவே பலிக்கும். 2000-களின் நடுவில் பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்த காலத்தில் பதிவர்கள் ஒருவருக்கொருவர் தாராளமாக லிங்க் கொடுத்துக்கொண்டார்கள். பிறகு கூட்டம் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டது, பாதித் தளங்கள் மூடிவிட்டன, லிங்க்குகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. ஒரு பழைய பதிவில் திறக்காத லிங்க் ஒன்றைக் கண்டால் அந்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியும். அதே விஷயம் உங்களிடம் இருந்தால், அல்லது எழுத முடிந்தால், பதிவருக்குச் சொல்லலாம். பதிவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். 2011-க்குப் பிறகு ஒன்றும் எழுதாதவரிடமிருந்து பதில் வராது.

தளத்தின் தரத்தை எப்படி எடை போடுவது? டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் என்று காட்டப்படும் எண்கள் மாஸ், அஹ்ரெஃப்ஸ் என்ற தனியார் நிறுவனங்களின் மதிப்பீடு. கூகுளின் எண்கள் அல்ல. கூகுள் தன் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016-லேயே நிறுத்திவிட்டது. நான் பார்ப்பது எளிமையானது: இந்தத் தளத்தை நிஜமான ஆட்கள் படிக்கிறார்களா, லிங்க்கைச் சொடுக்கி நாலு பேராவது நம் பக்கத்துக்கு வருவார்களா?

படி 4: கேட்கும் விதம்

‘டியர் வெப்மாஸ்டர்’ என்று தொடங்கும் மின்னஞ்சலை நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான் அவரும் செய்வார். தமிழில் எழுதுபவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், சுருக்கமாக:

‘வணக்கம் ஐயா. இயற்கை வேளாண்மை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சீரகச் சம்பா பற்றிய பகுதி எனக்குப் புதிது. அதில் விதை கிடைக்கும் இடங்களுக்குக் கொடுத்திருக்கும் லிங்க் இப்போது திறக்கவில்லை. பாரம்பரிய ரகங்களின் வயது, பட்டம், விதை கிடைக்கும் மாவட்டம் ஆகியவற்றை அட்டவணையாகத் தொகுத்திருக்கிறோம், முகவரி கீழே. உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று தோன்றினால் பழைய லிங்க்குக்குப் பதில் இதைச் சேர்க்கலாம். ஏதாவது ரகம் விடுபட்டிருந்தாலோ தவறாக இருந்தாலோ சொல்லுங்கள், திருத்திவிடுகிறோம்.’

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. விஷயம் தெரிந்தவர் பட்டியலில் ஒரு குறையைக் கண்டால் எழுதாமல் இருக்கமாட்டார். பதில் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். எங்கிருந்தோ அவருடைய செல்பேசி எண்ணைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அப்படிச் செய்தால் கிடைக்கவிருந்த லிங்க்கும் போகும்.

எந்தச் சொல்லை லிங்க்காக வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஒருவர் ‘இந்த அட்டவணை’ என்பார், ஒருவர் தளத்தின் பெயரைப் போடுவார், ஒருவர் முகவரியை அப்படியே ஒட்டுவார். அந்தக் கலவைதான் இயல்பு. வருகிற லிங்க் எல்லாம் ‘கருப்புக் கவுனி அரிசி விலை’ என்றே இருந்தால், சொல்லிவைத்துப் போட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வேறொருவர் தளத்தில் கட்டுரை எழுதி அதில் லிங்க் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கூகுளின் ஸ்பாம் தடுப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த மேட் கட்ஸ், லிங்க்குக்காக இப்படி எழுதும் முறை முடிந்துபோய்விட்டது என்று 2014 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அந்தத் தளத்தின் வாசகர்கள் நமக்கும் வாசகர்களாக வரக்கூடியவர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். லிங்க் மட்டுமே நோக்கம் என்றால் அந்த நேரத்தில் நம் தளத்துக்கு ஒரு கட்டுரை எழுதுவது லாபம்.

விலைக்கு வரும் லிங்க்

தளம் தொடங்கிய சில நாளில் ‘ஆயிரம் பேக்லிங்க், சில நூறு ரூபாய்’ என்று மின்னஞ்சல் வந்துவிடும். வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்கக் கடை நிறுவனமான ஜே.சி. பென்னி. ஆடை, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று பல தேடல்களில் அந்தக் கடை முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத தளங்களில் அதற்குக் காசு கொடுத்து லிங்க் வைக்கப்பட்டிருப்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது. கூகுள் நடவடிக்கை எடுத்ததில் முதலிடத்திலிருந்து பல பக்கங்கள் பின்னால் போய்விட்டது. மறு ஆண்டு ஜனவரியில் கூகுள் தன் சொந்த குரோம் பிரவுசரின் பக்கத்தையே 60 நாள் கீழே இறக்கியது. குரோமுக்காக நடந்த விளம்பரப் பதிவு ஒன்றில் நோஃபாலோ இல்லாத லிங்க் இருந்ததுதான் காரணம்.

2012 ஏப்ரலில் கூகுளின் தேடல் கணக்கில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் மொத்தமாக விழுந்தன. 2016-லிருந்து அது கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே கலந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் தண்டிப்பதைவிட அப்படிப்பட்ட லிங்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நடக்கிறது. காசு கொடுத்து லிங்க் வாங்கும் தளங்களையும் விற்கும் தளங்களையும் கண்டுபிடிக்க ஸ்பாம்பிரெய்ன் என்ற அமைப்பைப் பயன்படுத்துவதாக 2022 டிசம்பரில் கூகுள் அறிவித்தது. ஆக, வாங்குபவருக்கு முதலில் நேர்வது பண விரயம். கூகுள் ஊழியர் ஒருவர் நேரில் பார்த்து எடுக்கும் நடவடிக்கை தனியாக இருக்கவே இருக்கிறது.

செய்தித் தளத்தில் பணம் கட்டி விளம்பரக் கட்டுரை போடுவது குற்றம் இல்லை. லிங்க்கில் ‘ஸ்பான்சர்ட்’ குறி இருந்தால் போதும். நண்பர்கள் இருவர் ஒருவருக்கொருவர் லிங்க் கொடுத்துக்கொள்வதும் இயல்புதான். முப்பது தளங்கள் சேர்ந்து முறை வைத்துக் கொடுத்துக்கொண்டால் அது விதிமீறல். காலாவதியான பழைய டொமைனை வாங்கி, அதன் பழைய நற்பெயரை வைத்துத் தேடலில் மேலே வரப் பார்க்கும் தந்திரத்தையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் சேர்த்துவிட்டது.

படி 5: பலன் தெரிகிறதா?

புது லிங்க் சர்ச் கன்சோலில் தெரியவே சில வாரம் ஆகலாம். அதில் காட்டப்படுவது முழுப் பட்டியலும் இல்லை. லிங்க் எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதைவிட, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் வடிகட்டி, மூன்று மாதத்தை முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். புதிய தேடல் சொற்களுக்கு அந்தப் பக்கம் காட்டப்படத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி. சொடுக்குகள் அதற்குப் பிறகுதான் வரும். நெல் போன்ற விஷயத்தில் பருவமும் உண்டு. விதைப்புக்கு முன் தேடல் கூடும், அறுவடைக்குப் பின் குறையும். அதனால் போன வருடம் இதே மாதத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடையில், நீங்கள் கேட்காத குப்பைத் தளங்களிலிருந்தும் லிங்க் வந்து சேரும். பட்டியலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். விட்டுவிடுங்கள், எல்லாத் தளத்துக்கும் வருவதுதான். கூகுள் அவற்றைத் தானே ஒதுக்கிவிடுகிறது. 2012 அக்டோபரில் வந்த டிஸ்அவோ கருவி (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது), முன்பு நீங்களோ, தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவர நீங்கள் வைத்திருந்த எஸ்இஓ ஆளோ வாங்கிக் குவித்த லிங்க்குகளால் நடவடிக்கை வந்திருந்தால், அல்லது வரும் என்று நிச்சயம் தெரிந்தால், பயன்படுத்த வேண்டியது. நடவடிக்கை வந்திருக்கிறதா என்பது சர்ச் கன்சோலின் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பக்கத்தில் தெரியும். வந்திருந்தால், முதலில் அந்தத் தளங்களுக்கு எழுதி லிங்க்கை நீக்கச் சொல்லுங்கள். நீக்காதவற்றின் டொமைன்களை வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு டிஸ்அவோவில் ஏற்றுங்கள். அதன் பிறகு, யாரிடம் எப்போது வாங்கினோம், எவற்றை நீக்கினோம் என்று மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். படித்துப் பார்ப்பது ஓர் ஆள் என்பதால் ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்ற ஒற்றை வரி விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.